புகைத்தலைக் கைவிடத் துணைநின்றவை: மாலைக் கூட்டம் முதல் கைத்தொலைபேசிச் செயலி வரை

மனிதன் ஒரு பழக்கத்தை எவ்வாறு மேற்கொண்டான் என்பதை ஆராய்வதில் வரலாற்றாசிரியர் காட்டிய ஊக்கத்தோடு ஒப்பிடுமிடத்து, அதனை அவன் எவ்வாறு கைவிட முயன்றான் என்பதை ஆராய்வதில் அவர்கள் காட்டிய ஊக்கம் குறைவென்றே கூறல் வேண்டும். புகையிலை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கொலம்பசின் கப்பலோட்டிகள் அவ்விலையைக் கண்டமை, ஐரோப்பிய அரசவைகளில் அது புகுந்தமை, வேர்ஜீனியக் குடியேற்றம் அதன் வருவாயால் நிலைபெற்றமை, யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றப்பட்டு அங்குள்ள சந்தையை நம்பியே இங்கு பல குடும்பங்கள் வாழ்ந்தமை ஆகியன பற்றியெல்லாம் எழுதப்பட்டுள்ளது. ஆனால், புகைத்தவன் ஒருநாள் அதனை விட்டொழிக்க எண்ணியபொழுது அவனுக்கு அருகில் நின்றவர் யாவர், நின்ற பொருள் யாது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் மருத்துவ ஏடுகளிற் சிதறிக்கிடக்கும் கட்டுரைகளையே நாடவேண்டியுள்ளது.

இவ்வினா என்னுள் எழுந்தமைக்குக் காரணம் நூலன்று. சென்ற விடுமுறையில் வலிகாமத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். என் பெரிய தந்தையார் பத்தொன்பதாம் வயது முதல் புகைப்பவர். இப்பொழுது அறுபதைக் கடந்துவிட்டார். வைத்தியர் எச்சரித்ததன் பின், கொழும்பில் தொழில் பார்க்கும் அவர் மகள், புகைத்தலை விட உதவும் செயலியொன்றைத் தந்தையின் கைத்தொலைபேசியில் இட்டுக்கொடுத்திருந்தார். “தம்பி, இது என்ன கேக்குதெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு” என்று அவர் அதனை என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் அது கேட்டவை இரண்டு: நாளொன்றுக்கு எத்தனை பெட்டி சிகரெட் புகைக்கிறீர்? ஒரு பெட்டியின் விலை யாது? பெரிய தந்தையார் தம் வாழ்நாளில் ஒரு பெட்டி சிகரெட்டை முழுதாக வாங்கியவரல்லர். சந்திக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி, அங்கு தொங்கும் கயிற்று நெருப்பிற் பற்றவைப்பதே அவர் வழக்கம். இரண்டு வினாக்களுக்கும் அவரிடம் விடையில்லை. விடையின்றி மேலே செல்லச் செயலி இடந்தரவுமில்லை. ‘இதனை ஆக்கியவர் யாரை மனத்திற் கொண்டு ஆக்கினார்’ என்ற ஐயத்தோடு நான் விடுதிக்குத் திரும்பினேன். செயலியின் குணங்குற்றங்களை அதன் முன்னோரை அறியாது மதிப்பிடல் இயலாது என்பதே பின்னர் நான் கண்ட முடிபு.

அம்முன்னோருள் மிகப் பழையது கண்டனமாகும். 1604ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் புகையிலைக்கு எதிராகச் சிறுநூலொன்றை வெளியிட்டான். அவ்வாண்டிலேயே அதன்மீதான சுங்கத் தீர்வையையும் பன்மடங்கு உயர்த்தினான். புகைப்போன் பழிக்கப்பட்டான், வரியிறுத்தான். அவனுக்கு உதவி தேவைப்படலாம் என்ற எண்ணம் அரசனுக்குத் தோன்றவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் இந்நிலை பெரிதும் மாறியதாகக் கூறமுடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் மருந்து வணிகர் தோன்றினர். இலினோய் மாநிலத்து டுவைற் என்னும் ஊரில் 1879இல் லெஸ்லி கீலி என்பவர் தொடங்கிய நிலையம், மது, அபின், புகையிலை ஆகிய மூன்றுக்கும் பொன் கலந்ததாகச் சொல்லப்பட்ட மருந்தை விற்றது. மருந்தின் உட்பொருள் இரகசியமாக வைக்கப்பட்டமையே அதன் தரத்துக்குச் சான்றாகும். 1936இல் டோர்சி என்ற வைத்தியர், நிக்கொட்டினை ஒத்த செயலுடைய லொபெலின் என்னும் தாவரச் சத்தை இப்பழக்கத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தலாமென எழுதினார். நோக்கம் நேரியதாயினும் அம்மருந்து பின்னைய சோதனைகளில் நிலைபெறவில்லை. ஆக, உபதேசியும் மருந்து வணிகனுமே நெடுங்காலம் புகைப்போனின் வாயிலிற் காத்துநின்றவராவர்.

இந்நிலையை மாற்றியது புள்ளிவிபரமாகும். 1950ஆம் ஆண்டில் றிச்சட் டொல், பிரட்போட் ஹில் ஆகிய இருவரும் இலண்டன் வைத்தியசாலைகளில் நிகழ்த்திய ஆய்வின் முடிபுகளை வெளியிட்டனர். சுவாசப்பைப் புற்றுநோயுற்ற 649 ஆண்களுள் புகையாதவர் இருவர் மாத்திரமே. அதே ஆண்டில் அமெரிக்காவில் வைன்டர், கிரஹாம் ஆகியோரும் இதே திசையிற் சென்ற முடிபை வெளியிட்டனர். ஆய்வு நடைபெற்ற காலத்திலேயே டொல் தாமும் புகைத்தலைக் கைவிட்டார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1951இல் இவ்விருவரும் பிரித்தானிய வைத்தியர்களுக்கே வினாக்கொத்து அனுப்பி மற்றோர் ஆய்வைத் தொடங்கினர். அவ்வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதன் பயன் 2004இல் வெளிவந்தது. அறுபது வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டையும், முப்பதில் விட்டவர் பத்து ஆண்டையும் மீட்டுக்கொள்கின்றனர் என அது காட்டிற்று. ‘இத்தனை காலம் புகைத்தபின் விட்டென்ன பயன்’ என்று முதியோர் கூறும் வாதத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பை நான் கண்டிலேன். பெரிய தந்தையாருக்கு நான் முதலிற் சொல்லியதும் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியேயாகும்.

ஆனால் தீங்கை அறிதல் வேறு, விடுதல் வேறு. 1962இல் இலண்டன் றோயல் வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அறிக்கை, விட இயலாது இடர்ப்படுவோர்க்கெனச் சிறப்பு நிலையங்கள் அமைப்பதன் பயனை ஆராயவேண்டுமென விதந்துரைத்தது. 1964 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியான லூதர் டெரி வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. எனினும், அவ்வறிக்கை புகைத்தலை ‘அடிமைநிலை’ எனக் கூறாது ‘பழக்கம்’ என்றே வகுத்தது. இச்சொல் வேறுபாடு சிறிதன்று. பழக்கமெனின் மனவுறுதி போதும். அறிவுரை கூறி அனுப்பிவிடலாம். அடிமைநிலையெனின் வைத்தியமும் துணையும் வேண்டும். அவற்றுக்கு அரசு பணம் ஒதுக்கவும் வேண்டும். நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருளேயென அதே பதவியினரின் அறிக்கை கூறுவதற்கு 1988ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் உருவாகிய உதவிகள் அனைத்தும், அரசுகள் முழுமனத்தோடு ஏற்காத ஒரு நோய்க்குத் தனியாரும் ஆய்வாளரும் தேடிய மருந்துகள் எனக் கொள்ளலாம்.

அவற்றுக்கும் முற்பட்டது சுவீடனில் 1950களின் நடுப்பகுதியில் ஸ்ரொக்ஹோமில் பொர்ஜே ஏஜ்ரப் என்ற வைத்தியர் நடத்திய சிகிச்சை நிலையமாகும். அங்கு லொபெலின் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. இதனினும் பரவலானது அமெரிக்காவில் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சார்ந்த மக்பார்லன்ட் என்னும் வைத்தியரும் போல்க்கன்பேர்க் என்னும் போதகரும் 1960ஐ அண்மித்த காலத்தில் வகுத்த ‘ஐந்துநாள் திட்டம்’ ஆகும். தொடர்ந்து ஐந்து மாலைகளிற் புகைப்போர் ஒரு மண்டபத்திற் கூடுவர். வைத்தியர் உடலைப் பற்றியும் போதகர் உள்ளத்தைப் பற்றியும் பேசுவர். நிறைய நீர் அருந்துக, கோப்பியை விலக்குக, உணவுக்குப் பின் நாற்காலியிற் சாயாது வெளியே நடந்து செல்க என்றவாறு அன்றன்றைக்கு வேண்டிய சிறு ஏற்பாடுகள் கூறப்படும். கூட்டத்துக்கு வந்தோர் இருவர் இருவராக இணைக்கப்படுவர். வேட்கை மிகும் வேளையில் ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

இத்திட்டத்தின் சமயச் சார்பை ஒதுக்கிவிட்டு அதன் அமைப்பை மட்டும் நோக்குவோமாயின், பின்னர் வந்தவற்றின் வித்துக்கள் பலவற்றை அதிற் காணலாம். முதலாவது, வேட்கை சில நிமிடங்களே நிற்பது, ஆகவே அந்நிமிடங்களைக் கடக்க வழி சொல்லவேண்டும் என்ற அறிவு. மற்றையது, விட்ட முதற் சில நாட்களே இடர்மிக்கவை, ஆகவே உதவி அந்நாட்களிற் செறிந்திருத்தல் வேண்டும் என்ற அறிவு. மூன்றாவதாக, தனியொருவன் தன்னோடு தான் போராடுவதிலும் தன்னைப் போன்ற மற்றொருவனின் குரலைக் கேட்பது நன்று என்ற அறிவு. இவையாவும் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டவையல்ல, ஊர்மண்டபங்களிற் பட்டறிந்தவை. அவை உண்மையிற் பயன்தருகின்றனவா என அளந்தறியும் முறைதான் அக்காலத்தில் இருக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை கைதட்டி விடைபெற்றவருள் எத்தனைபேர் ஆறாம் திங்களிலும் புகையாதிருந்தனர் என்பதை உறுதியாகக் கூறவல்லார் இல்லை.

மருந்தின் வழியில் ஏற்பட்ட முன்னேற்றமும் சுவீடனிலேயே தோன்றியது. நீர்மூழ்கிக் கப்பலிற் பணிபுரிவோர் அங்கு புகைக்க இயலாதபடியால் வாயிலிடும் புகையிலையால் அமைதியுறுகின்றனர் என்பதைக் கவனித்த லுண்ட் நகரத்துக் கிளேஸ் லுண்ட்கிரேன், 1967இல் அதனைத் தம் நண்பர் ஓவே பேர்னோவுக்கு எழுதினார். ஹெல்சிங்போர்க்கிலிருந்த லியோ மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரான பேர்னோ தாமும் பெரும் புகைவாணர். அக்கடிதத்தின் விளைவே நிக்கொட்டின் கலந்த சூயிங்கமாகும். அது 1978இல் சுவிற்சர்லாந்திலும் 1984இல் ஐக்கிய அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஒட்டுத்தாளும் பிற மருந்துகளும் பின்னர் வந்தன. அவற்றை விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று.

வேண்டுவது 1979ஆம் ஆண்டு ஆய்வொன்றாகும். இலண்டனில் ஐந்து மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 28 குடும்ப வைத்தியர்களின் உதவியோடு மைக்கல் றசலும் அவர்தம் துணைவரும் 2,138 புகைப்போரை நான்கு பிரிவினராக வகுத்து நோக்கினர். ஒரு பிரிவினர்க்கு எதுவும் கூறப்படவில்லை. மற்றொரு பிரிவினரிடம் வினாக்கொத்து மட்டும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினரை வைத்தியர் புகைத்தலை விடுமாறு ஓரிரு நிமிடம் அறிவுறுத்தினார். நான்காம் பிரிவினர்க்கு அவ்வறிவுரையோடு துண்டுப்பிரசுரமொன்றும் கொடுக்கப்பட்டு, ‘பின்னர் உம்மை விசாரிப்போம்’ என்றும் கூறப்பட்டது. ஓராண்டு முடிவில் விட்டிருந்தோர் முறையே 0.3, 1.6, 3.3, 5.1 சதவீதத்தினர். நூற்றுக்கு ஐவர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆயின், பிரித்தானியக் குடும்ப வைத்தியர் அனைவரும் இவ்வாறு செய்வாராயின் ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகைத்தலை விடுவர் என றசல் கணக்கிட்டார். சிறிய பயன் பெரிய மக்கட்டொகைக்குச் சென்றடையின் பெரும் பயனாகும் என்னும் இக்கணக்கே பின்னர் குறுஞ்செய்திக்கும் செயலிக்கும் அரசுகள் ஆதரவளித்தமைக்கு அடிப்படை எனலாம். என்னைக் கவர்ந்ததோ வேறு. 3.3க்கும் 5.1க்கும் இடைப்பட்ட வேறுபாட்டை உண்டாக்கியது ஒரு துண்டுப்பிரசுரமும், யாரோ ஒருவர் மீண்டும் வந்து கேட்பார் என்ற எதிர்பார்ப்புமேயாகும்.

இவ்வெதிர்பார்ப்பைத் தொலைபேசி நிறைவேற்றத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1980களிலும் கலிபோர்னியாவில் 1992இலும் புகைத்தலை விட விழைவோர்க்கான தொலைபேசிச் சேவைகள் தோன்றின. தொடக்கத்தில் புகைப்போனே அழைக்கவேண்டுமென்றிருந்த முறை, கலிபோர்னியாவில் ஷூ ஷு-ஹொங் முதலிய ஆய்வாளரால் மாற்றப்பட்டது. ஒருமுறை அழைத்தவனை ஆலோசகரே பின்னர் தாமாக அழைப்பர். அவ்வழைப்புகளும் வாரத்துக்கொன்றென ஒரே இடைவெளியில் அமையவில்லை; மீண்டும் புகைக்கும் ஆபத்து மிக்க முதல் நாட்களில் அடுத்தடுத்தும் பின்னர் ஐதாகவும் அமைந்தன. ஐந்துநாள் திட்டக்காரர் பட்டறிவால் உணர்ந்ததை இவர்கள் எழுந்தமானமாகத் தெரிவுசெய்த குழுக்களை ஒப்பிட்டு எண்களால் நிறுவினர். ஆனால் இம்முறைக்கு ஊதியம் பெறும் ஆலோசகர் பலர் வேண்டும். செல்வ நாடுகளுக்கே அது இயல்வதாயிற்று.

1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி ஒரு கணினியிலிருந்து கைத்தொலைபேசியொன்றுக்கு அனுப்பப்பட்டது. அது ஒரு நத்தார் வாழ்த்து. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நியூசீலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ரனி றொட்ஜர்ஸ் குழுவினர், அதே ஊடகத்தாற் புகைத்தலை விடச்செய்ய இயலுமா என ஆராய்ந்து தம் முடிபை 2005இல் வெளியிட்டனர். 1,705 பேர் இதிற் பங்குகொண்டனர், பெரும்பாலும் இளைஞர். விடும் நாளை ஒவ்வொருவரும் தாமே குறித்துக்கொள்வர். அந்நாளையொட்டி நாள்தோறும் பல செய்திகள் வந்துசேரும். அவற்றுள் அறிவுரையும் இருக்கும். விளையாட்டுச் செய்தி, வினாவிடை முதலியனவும் இருக்கும். வேட்கை தணியும் வரை மனத்தை வேறிடத்துக்கு ஈர்ப்பதே பின்னையவற்றின் நோக்கம். நியூசீலாந்தின் தொல்குடியினரான மாவோரியரிடையே புகைத்தல் மிகுதியாதலின் அவர்தம் மொழியையும் பண்பாட்டையும் தழுவிய செய்திகள் தனியே ஆக்கப்பட்டன. விட்ட நாள் முதல் ஒரு திங்களுக்குத் தம் நண்பர்களுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பவும் இவர்களுக்கு வசதியளிக்கப்பட்டது.

ஆறாம் வாரத்தில், செய்தி பெற்றவருள் 28 சதவீதத்தினரும் பெறாதவருள் 13 சதவீதத்தினரும் தாம் புகைப்பதில்லையெனக் கூறினர். இவ்வளவில் நின்றிருப்பின் பெருவெற்றியெனக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் ஆறாம் திங்களில் இரு குழுவினர்க்கும் இடையிலான வேறுபாடு ஐயத்துக்குரியதாயிற்று. பலரிடமிருந்து விடை கிடைக்கவில்லை. அன்றியும், கட்டுப்பாட்டுக் குழுவினர்க்கு வாக்களிக்கப்பட்ட இலவசச் செய்தி வசதி அவ்வேளையிற்றான் கிடைக்கவிருந்தது. அவர்களுள் விட்டதாகக் கூறியோர் தொகையும் உயர்ந்திருந்தது. ஆய்வாளர் இதனை மறைக்காது எழுதினர். வரலாற்றை ஆதாரங்கொண்டு கற்கும் நமக்கு இது புதியதன்று. சாட்சி கூறுவோனுக்குக் கூற்றினால் ஊதியம் உண்டாயின் அக்கூற்றை எவ்வளவுக்கு நம்பலாம் என்ற வினா கல்வெட்டுக்கும் உண்டு. குறுஞ்செய்தி ஆய்வுக்கும் உண்டு.

அவ்வையத்தைத் தீர்க்கும் பொறுப்பை இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கரோலின் பிறீ குழுவினர் ஏற்றனர். நியூசீலாந்து முறையைப் பிரித்தானியருக்கேற்பத் திருத்தி, 5,800 பேரை எழுந்தமானமாக இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர்க்கு முதல் ஐந்து வாரம் நாளொன்றுக்கு ஐந்து செய்தியும் அதன்பின் இருபத்தாறு வாரம் வாரத்துக்கு மூன்று செய்தியும் அனுப்பப்பட்டன. வேட்கை எழுந்தால் அதனைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை அனுப்பின் உடனே பதில் வரும். தவறிப் புகைத்துவிட்டால் அதற்கெனவும் ஒரு சொல் உண்டு. அதற்கு வரும் மறுமொழியில் வசையிராது, மீண்டும் தொடங்குமாறு ஊக்கமே இருக்கும். விரும்புவோர் தம்மைப் போல விட முயலும் மற்றொருவரோடு இணைக்கப்படுவர். ஐந்துநாள் திட்டத்தின் இணைவு முறையே அரை நூற்றாண்டுக்குப் பின் இங்கு உருமாறி வந்தது. மற்றைக் குழுவினர்க்குப் புகைத்தலோடு தொடர்பற்ற செய்திகளே சென்றன.

விட்டதாகக் கூறியோரின் சொல்லை மட்டும் இவர்கள் ஏற்கவில்லை. அவர்தம் உமிழ்நீரை அஞ்சலிற் பெற்று, நிக்கொட்டின் உடலிற் சிதைவதால் உண்டாகும் கொற்றினின் என்னும் பொருள் அதிலுண்டா எனச் சோதித்தனர். 2011இல் வெளிவந்த முடிபின்படி, ஆறாம் திங்களில் சோதனையால் உறுதிப்படுத்தப்பட்டோர் செய்தி பெற்றவருள் 10.7 சதவீதம், ஏனையோருள் 4.9 சதவீதம். இருமடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு, மண்டபமோ மருந்தோ ஆலோசகரோ இன்றி, சில சொற்களாற் பெறப்பட்டதாகும். பத்தில் ஒன்பதுபேர் மீண்டும் புகைத்தனர் என்பதையும் உடன் கூறாவிடின் நான் பக்கஞ்சார்ந்தவனாவேன்.

இவ்வெற்றி ஏழை நாடுகளுக்கு வாயில் திறந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2012இல் இணைந்து தொடங்கிய முயற்சியின் கீழ் கொஸ்தா ரிக்கா இச்சேவையை முதலில் மேற்கொண்டது. இந்தியாவிற் சில ஆண்டுகளின் பின் தொடங்கிய சேவையிற் சேர விரும்புவோர் ஓர் எண்ணுக்கு ‘மிஸ்ட் கோல்’ கொடுத்தாற் போதும். கட்டணமின்றி மணியை ஒலிக்கச் செய்து துண்டிக்கும் நம்மவர் உபாயத்தை ஓர் அரசு தன் சுகாதாரத் திட்டத்தின் வாயிலாகக் கொண்டமை, அத்திட்டத்தை வகுத்தோர் பயனாளியின் பையையும் பழக்கத்தையும் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

இனிச் செயலிக்கு வருவோம். ஐபோன் 2007இல் விற்பனைக்கு வந்தது. அதற்கான செயலிகளை விற்கும் இணையச் சந்தை 2008 நடுப்பகுதியில் திறக்கப்பட்டது. 2009இலேயே புகைத்தலை விட உதவுவதாகக் கூறிய 47 செயலிகள் அச்சந்தையில் இருந்தமையை லொரீன் ஏபிரம்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் கண்டு ஆராய்ந்தனர். ஐம்பது ஆண்டுகளில் நிறுவப்பட்ட வைத்திய வழிகாட்டல்களை அச்செயலிகள் பெரும்பாலும் பின்பற்றவில்லை என்பதே 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிபு. பல வெறும் எண்ணிகள்: புகையாத நாட்களையும் சேமித்த பணத்தையும் கூட்டிக்காட்டுபவை. சில மனவசிய ஒலிப்பதிவுகள். கீலியின் பொன்மருந்தை இவை எனக்கு நினைவூட்டின. மருந்தைச் சோதிக்குமுன் விற்பது எக்காலத்து வணிகர்க்கும் பொதுவியல்பு போலும்.

2019இல் றொபின் விற்றாக்கர் முதலியோர் உலகெங்கும் நிகழ்ந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். விற்றாக்கர் நியூசீலாந்து ஆய்விலும் பங்கெடுத்தவர். குறுஞ்செய்தி பெற்றோர், குறைந்த உதவி மட்டும் பெற்றோரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விட்டனர் என்பது உறுதியாயிற்று. செயலிகளைப் பற்றிய ஐந்து ஆய்வுகளில் 3,079 பேர் பங்குகொண்டிருந்தனர். அவற்றைக் கூட்டிப் பார்த்தபொழுது செயலியால் மேலதிக நன்மை எதுவும் புலப்படவில்லை. ஆய்வுகள் சிலவே, ஆதலின் தீர்ப்பு இறுதியானதன்று என அவர்களே எச்சரித்தனர். படமும் ஒலியும் கணக்கும் கொண்ட கருவி, வெறுஞ்சொற்கள் சிலவற்றை அனுப்பும் கருவியிடம் தோற்றது ஏன்? என் கருத்து இதுவாகும்: குறுஞ்செய்தி புகைப்போனைத் தேடி வருகிறது. செயலியோ அவன் தன்னைத் திறக்கும் வரை காத்திருக்கிறது. புகைக்கும் வேட்கை எழுந்த வேளையில் மனிதன் தன்னைத் தடுப்பவனை அழைப்பதில்லை. தடுப்பவனே அவ்வேளை அறிந்து வரல் வேண்டும். கலிபோர்னிய ஆலோசகர் இதனை அறிந்திருந்தனர். றசலின் நான்காம் பிரிவினரும் யாரோ வருவார் என்று எதிர்பார்த்தே விட்டனர்.

இக்கருத்துக்கு மாறான சான்றொன்றையும் கூறவேண்டும். அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து ஜொனதன் பிறிக்கர் குழுவினர், 2,415 வயதுவந்தோரைக் கொண்டு இரு செயலிகளை ஒப்பிட்டு 2020இல் முடிபு வெளியிட்டனர். ஒன்று வேட்கையை அடக்காது, அது எழுந்து தணிவதை நோக்கியிருக்கப் பயிற்றுவது. மற்றையது, புகைக்கத் தூண்டுவனவற்றைத் தவிர்க்குமாறு கூறும் வழக்கமான நெறியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் ஆக்கியது. ஓராண்டு முடிவில், முந்திய முப்பது நாளும் புகைக்கவில்லையெனக் கூறியோர் முதலாவதில் 28.2 சதவீதம், இரண்டாவதில் 21.1 சதவீதம். உமிழ்நீர்ச் சோதனை இதில் இல்லை. ஆயினும் ஆய்வு பெரிது, தொடர்ந்து விடையளித்தோரும் மிகப் பலர். ஆகவே செயலி என்பதனாலேயே ஒரு கருவி பயனற்றதாகாது. அதனுள் உறையும் உளவியல் யாது என்பதைப் பொறுத்ததே அதன் பயன். என் முன்னைய கருத்தை இவ்வளவுக்குத் தளர்த்திக்கொள்ளச் சித்தமாயுள்ளேன்.

இலங்கை, புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலகச் சமவாயத்தை 2003இல் ஏற்றது. அதன் பதினான்காம் உறுப்புரை, விட விரும்புவோர்க்கு உதவுதலை அரசின் கடமையாக்குகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கெனத் தேசிய அதிகாரசபையும் அமைந்தது. இவ்வுதவி கைத்தொலைபேசியில் வருமாயின் அது தமிழிலும் சிங்களத்திலும் வருதல் மட்டும் போதாது. மாவோரியர்க்கென எழுதியோர் மொழிபெயர்க்கவில்லை, அவர்களோடிருந்து ஆக்கினர். சந்திக் கடையில் ஒவ்வொன்றாக வாங்குவோனிடம் பெட்டிக் கணக்குக் கேளாத கருவி வேண்டும். சுருட்டுப் பிடிப்பவனையும் வெற்றிலையோடு புகையிலை போடுபவளையும் அது அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று பெரிய தந்தையாருக்காக நான் ஒரு பெட்டிக்குரிய எண்ணையும் விலையையும் கற்பித்து எழுதிக் கொடுத்தேன். செயலி உடனே இயங்கத் தொடங்கி, அவர் ஒருநாளும் செலவிடாத பணத்தை நாள்தோறும் சேமித்ததாகக் காட்டிற்று. இரண்டு வாரத்தில் அதனைத் திறப்பதை அவர் நிறுத்திவிட்டார். இப்பொழுது, இராச் சாப்பாட்டுக்குப் பின் அவர் முற்றத்துக்கு எழுந்து செல்லும் வேளையில், எட்டு மணியளவில், மகள் கொழும்பிலிருந்து அழைக்கிறார். பேச்சு பெரும்பாலும் கிணற்று நீரைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியுமே. நாளுக்குப் பன்னிரண்டாக இருந்தது மூன்றாகக் குறைந்துள்ளதென்று பெரியம்மா எழுதியிருக்கிறார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மகள் அழைக்க மறந்த இரவுகளில் மற்றொன்று.